மாமாவின் பேட்டரிப் பெட்டி

அம்மாவின் அப்பா காலமாகி முப்பத்தொன்றாம் நாளுக்கு இன்னும் இரண்டே நாள். அன்றைக்கு வருகிறவர்களைக் கல்வெட்டு கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் செத்தவருக்கே அவமானம். கல்வெட்டு என்பது கல்லில் வெட்டியதல்ல. இறந்தவரின் படம், வம்சம், தேவாரம், பிள்ளைகளின் நினைவுரை எல்லாம் சேர்த்து அச்சடித்த சின்னப் புத்தகம். நாலு மணிக்குள் எல்லாம் பதிந்த டிஸ்கட் கைக்கு வராவிட்டால் தன்னால் முடியாது என்று கிள்ளான் ஊர் அச்சகக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் காலையிலிருந்தே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கம்ப்யூட்டரில் அடிக்கும் பொறுப்பு மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டரைவிட அதன் கீழே இருந்த யூபிஎஸ் பெட்டியில்தான் அவருக்குப் பெருமை. வந்தவர் எவரையும் அதைப் பற்றிப் பாடம் நடத்தாமல் விட்டதில்லை. பச்சை விளக்கு எரிந்தால் வீட்டுக் கரன்ட் ஓடுகிறது, பேட்டரியும் நிரம்புகிறது. கரன்ட் போனால் பெட்டி கண்ணிமைப்பதற்குள் பேட்டரிக்கு மாறி, விட்டுவிட்டு பீப் அடிக்கும். பத்து நிமிடம் தாங்கும். பீப் அவசர அவசரமாக வந்தால் பேட்டரி தீரப்போகிறது, உடனே எல்லாவற்றையும் மூட வேண்டும். ஒரேயடியாக ஊளையிட்டால் யாரோ அதில் இஸ்திரிப்பெட்டியைச் சொருகியிருக்கிறார்கள். இந்தக் கடைசி நிலையை என் அப்பாவின் புண்ணியத்தில் நாங்கள் நேரிலேயே பார்த்திருந்தோம். முன்னால் இருக்கும் பட்டனை மட்டும் தொடவே கூடாது என்பார் மாமா. ஏன் என்று சொன்னபோது நான் வேறெங்கோ பராக்குப் பார்த்திருக்க வேண்டும்.

நினைவுரையை அம்மா எழுதி வைக்கவில்லை. வாயால் சொல்லச் சொல்ல மாமா அடித்தார். மேசையடியில் உட்கார்ந்து நான் பச்சை விளக்குக்குக் காவல் இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்குத் தனக்கு வந்த கடிதத்தைத் தன் அப்பா அலமாரியில் பூட்டி வைத்து, தேதி கடந்த பிறகு எடுத்துக் கொடுத்ததை அம்மா குரல் மாறாமல் சொன்னாள். மாமாவின் விரல்கள் நின்றன.

“அக்கா, இதையும் அடிக்கட்டா?”

“அடி.”

சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். சாவு விழுந்த நாளிலிருந்து அவள் பகலில் படுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமா கடைசி வரியை அடிக்கும்போது கரன்ட் போனது. பெட்டி பீப் அடித்தது. அதே நேரம் வாசல் நடையில் டெலிபோனும் அலறியது. அச்சகக்காரராகத்தான் இருக்கும் என்று மாமா சேவ் பண்ணாமலே எழுந்து ஓடினார்.

“பீப் வேகமா அடிச்சா என்னைக் கூப்பிடு!”

அறைக் கதவுத் திரையின் இடுக்கில் அம்மாவின் முதுகு தெரிந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் அவள் தோள் அசைவது போலிருந்தது. பாவம், கொஞ்ச நேரம் தூங்கட்டுமே. வேகமாகும்போது அது தானாக மறுபடி கத்தும் என்று நம்பி பட்டனை அமுக்கினேன். சத்தம் நின்றது. திரும்பினால், அம்மா இந்தப் பக்கம் புரண்டு படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. என் விரலைப் பார்த்தாள். அவள் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நடையில் மாமாவின் குரல் தெளிந்தது. “சத்தம் நின்னுட்டுது பாஸ், கரன்ட் வந்திட்டுது. டென்ஷன் ஆகாதீங்க லா!” பிறகு காகிதம், அட்டை, படம் என்று பேச்சு நீண்டது. பெட்டி மறுபடி கத்தவே இல்லை. கம்ப்யூட்டர் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

ஓடிவந்த மாமா குனிந்து பெட்டியைப் பார்த்தார். “யார் இதை அமத்தினது?”

அம்மா எழுந்து வந்தாள்.

“நான்தான். சத்தம் தாங்க முடியேல்ல.”

கரன்ட் வந்ததும் அம்மா நின்றுகொண்டே மறுபடி சொன்னாள். இந்த முறை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பெண்பிள்ளைகளின் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டவர் என்று ஒரு வரி வந்தது. மாமா நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடித்தார். டிஸ்கட் நேரத்துக்குக் கிள்ளான் போய்ச் சேர்ந்தது. முப்பத்தொன்றாம் நாள் வந்த உறவுக்காரர்கள் அந்த வரியை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என்னைக் காப்பாற்ற அம்மா பொய் சொன்னாள் என்று நினைத்து, ரொம்ப நாள் அவள் சொன்ன வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்தேன். அந்தப் பட்டன் சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும், பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்ற பாடத்தை அந்த வீட்டில் எல்லோரையும்விட அதிக தடவை கேட்டவள் அம்மா என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.