மெழுகு அடைத்த ஓட்டைகள்

டிரில்லிங் மிஷின் மரத்துக்குள் இறங்கும்போது எழும் கருகல் வாசனை மூக்கில் ஏறினால் போதும், இன்றும் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். இப்போது நான் குடியிருக்கும் விழுப்புரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றினால்கூட நான் என் வீட்டுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன்.

எல்லாம் எட்டாம் வகுப்பு கோடை லீவில், திண்டிவனம் வீட்டில், உடைந்த கட்டில் பலகையில் நான் செய்த கிட்டாரால் வந்தது. துணி துவைக்கும் பலகைக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். சத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் அது என் கைக்கென்று செய்தது. நான் இடக்கைக்காரன். கம்பிகளை அடியில் தாங்கும் 'பிரிட்ஜ்' கட்டையை என் கைக்குத் தோதாகச் சாய்த்து, நான்கு ஸ்க்ரூ முடுக்கியிருந்தேன். மாதா கோயில் திருவிழாப் பூசையில் அதை வாசித்துவிட வேண்டும். அந்த லீவு முழுக்க எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பாடற்குழுவை நடத்தியவர் என் சித்தப்பா. "மாதா முன்னாடி பீச்சாங்கையால தட்டிக்கினு நிப்பியா? சனங்க சிரிப்பாங்கடா. சோத்துக்கையால வாசிக்கிறதுன்னா வா."

"அந்தக் கையில எனக்கு வராது சித்தப்பா."

"வர்ற மாதிரி நான் பண்ணித் தர்றேன்."

எனக்கு எந்தக் கையிலும் வராது என்பது பாவம் அவருக்குத் தெரியாது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கட்டையைக் கழற்றி எதிர்ப்பக்கம் சாய்த்து, டிரில்லால் புது ஓட்டை போட்டு முடுக்கிவிட்டார்; வீடெல்லாம் கருகல் வாசனை. அப்படிச் சாய்த்தால் புது ஓட்டைகள் பழையவற்றை ஒட்டியே விழும். பழையதில் பசை தடவிய குச்சியை இறுக்கி அடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் துளைக்க வேண்டும், இல்லையென்றால் டிரில் வழுக்கிப் பழைய பள்ளத்துக்கே போய்விடும். எதற்கும் 'ஜல்தி ஜல்தி' என்று பறக்கிறவருக்குக் காயவிடப் பொறுமை ஏது? பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிவிட்டு, "மந்திரிச்ச மெழுகுடா, நல்லா புடிக்கும்" என்றார்.

பிடித்த லட்சணத்தைத் திருவிழாப் பூசையில் ஊரே பார்த்தது. காணிக்கைப் பாட்டை நான் சோத்துக்கையால் வாசிக்க, இரண்டாவது வரியிலேயே, வெயில் சூட்டில் மெழுகு இளகி, கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியில் போய் அடித்தது. கோயிலே சிரித்தது.

வெளியே வந்ததும் அவர் என் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தீங்களா அண்ணி? பீச்சாங்கைக்காரன் செஞ்சா இப்படித்தான் பேஜாராவும்." மெழுகை ஊற்றியது என்னவோ அவருடைய சோத்துக்கை. சுற்றி நின்ற தலைகள் எல்லாம் ஆடின. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

மறுநாள் மெழுகை ஊசியால் சுரண்டி எடுத்து, தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, காயவிட்டு, கட்டையை மறுபடி என் பக்கமே சாய்த்துத் துளைத்தேன். பாடற்குழுவில் அதன்பிறகு எனக்கு இடமில்லை.

இப்போது சித்தப்பா இல்லை, பாடற்குழுவும் இல்லை. அந்தக் கோயிலில் கீபோர்டின் பொத்தானை அமுக்கினால் கிட்டார் தானாகவே ஒலிக்கிறது, எந்தக் கையால் என்று அதை யாரும் கேட்பதில்லை. என் கிட்டார் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் கட்டையைச் சுற்றியுள்ள ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சார், கரையானா?" என்பார்கள்.

"ஆமாங்க. சொந்தக்காரக் கரையான்."