டவுன் பஸ்ஸில் கேட்ட என் ஜோக்

பத்திரிகைகளுக்கு ஜோக் எழுதி அனுப்புவது என் பொழுதுபோக்கு. மாமியார் ஜோக் என்றால் உடனே பிரசுரமாகிவிடும் என்பதால் அதையே எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. மருமகள் பெயர் அச்சில் வந்த பெருமையில், போன மாதம் அந்த இதழைக் கையோடு எடுத்துக்கொண்டு என்னுடன் உத்திரமேரூர் பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் அதை நீட்டி, "எங்க மருமவ எய்தினது. எல்லாருக்கும் கேக்கற மாரி படிம்மா" என்றார். நான் இதழை வாங்கக் கை நீட்டுவதற்குள் அந்தப் பெண் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்ல நாயே வளர்க்கலை. மாமியார் விடற குறட்டைக்கே திருடன் கிட்ட வரமாட்டான்."

பஸ்ஸே சிரித்தது. மாமியாரும் சிரித்தார். இறங்கி நடக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"அவ்ளோ சத்தமாவா கீது? எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே பாயைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். உள்ளே கூப்பிட்டால், "இங்க காத்து நல்லா வருது" என்கிறார்.

இப்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்துதான் எழுதுகிறேன். தபாலில் போடுமுன் அவரிடம் படித்துக் காட்டுகிறேன். நன்றாகவே சிரிக்கிறார். பாய் மட்டும் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது.