வியாதி ஒன்றும் இல்லாத குடும்பம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த வியாதியும் கிடையாது. ஃபாரத்தில் அப்படித்தான் எழுதுவோம். வீட்டில் மாத்திரை மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கும்.

செடிம் ஆற்றில் ரப்பர் படகில் போகலாம் என்று ஆரம்பித்தது என் அண்ணன். முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு சமையல் கேஸ் தோங் தூக்கக்கூட அவரை யாரும் விடுவதில்லை. மோட்டார் சைக்கிளில் பீடோங் பசாருக்குப் போனால், மீன் வாங்கி முடிப்பதற்குள் அண்ணி நான்கு தடவை போன் அடித்துவிடுவார்.

"ஒரே ஒரு தடவ அந்த ஆத்துல போயிட்டு வந்துடறேன்," என்றார் அண்ணன். "அப்புறம் என்னைக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டிக்குங்க."

அவருக்கு ஆசை நிறைவேற வேண்டும். எனக்கு அவர் உயிரோடு வேண்டும். சண்டை இவ்வளவுதான்.

நான் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். "செருப்போட மெஷின் கிட்ட போகாதே" என்று இருபது வருடமாகக் கத்துகிறவள். அதனால் ஏற்பாடெல்லாம் என் தலையில். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் பிடிக்காது. படகில் ஏறும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் வேறு யாராவது ஏற்பாடு செய்தால் அடுத்த வாரம் கருமாதிக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

படகு விடுகிறவர்களுக்கு மூன்று தடவை போன் அடித்தேன். காலையிலேயே வாருங்கள் என்றார்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டினால் போதும், தண்ணீர் திடீரென்று சுவர் மாதிரி வருமாம். மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயெர் என்பார்கள், தண்ணீரின் தலை. முதல் நாள் ராத்திரி மலையில் மழை என்றால் பயணம் ரத்து, பேச்சே கிடையாது என்று குடும்ப வாட்சப்பில் போட்டேன். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் சாக்கு மாதிரி கீழே இழுக்கும். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்பு வேண்டும். நகை வேண்டாம். வயிறு முட்டத் தின்ன வேண்டாம்.

தங்கச்சி புருஷன் முதல் பதில் போட்டான். "அக்கா, இது பிக்னிக்கா, பட்டாளமா?"

அண்ணி இரண்டாவது. "நாசி லெமாக்குக்கு அஞ்சு கிலோ அரிசி போதுமா?"

போகிறது ஐந்து பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அண்ணன் வீட்டு ஹாலில் கூட்டினேன். படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. பாறைச் சந்தில் கால் மாட்டிக்கொண்டால் தண்ணீர் முதுகில் ஏறி முகத்தை அமுக்கிவிடும். மல்லாக்கப் படுத்து, காலைத் தூக்கி, பாதம் முன்னால் போகிற மாதிரி மிதக்க வேண்டும். சொன்னால் மண்டையில் ஏறாது என்று ஐந்து பேரும் பாயில் வரிசையாகப் படுத்துப் பழகினோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா சட்னி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசலில் நின்று பார்த்தார். டப்பா கீழே விழுந்தது. "ஐயோ, இப்பத்தானே பேசிட்டுப் போனாங்க!" என்று அவர் அலறிய அலறலில் எங்கள் தாமானில் பாதி வீடு திரண்டு வந்துவிட்டது. அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்ப அரை மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் படகுக்காரர்கள் அனுப்பிய ஃபாரம். கேள்விகளைச் சத்தமாகப் படித்தேன். இருதய நோய் உண்டா?

"இல்ல," என்றார் அண்ணன்.

"நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு."

"அது ஸ்பிரிங்கு. வியாதிய எடுத்துட்டுதானே அத வெச்சாங்க?"

ஆஸ்துமா? தங்கச்சி புருஷன் இல்லை என்றான். போன மாதம் நள்ளிரவில் கிளினிக்குக்கு அவனை ஏற்றிக்கொண்டு போனதே நான்தான். முதுகு வலி? தங்கச்சி இல்லை என்றாள். அவளுக்கு டிஸ்க் விலகியிருக்கிறது. சர்க்கரை? அண்ணியும் இல்லை என்றார். எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில் சம்பல் பிளாச்சான் பாட்டில், அதன் பக்கத்தில் இன்சுலின் ஊசி.

"அது சும்மா லா," என்றார் அண்ணி.

இவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சுங்கை லாலாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். வியாதி உண்டு என்று சொன்னவனுக்கு வேலை கிடைத்ததில்லை. எங்கள் அப்பா ஆஸ்துமாவை வைத்துக்கொண்டே 'இல்லை' என்று சொல்லித்தான் பேர் பதிந்தார். அண்ணன் 'இல்லை' என்று எழுதித்தான் லாரி வேலை வாங்கினார். எங்கள் ஆட்களுக்கு ஃபாரம் என்றால் கை தானாக 'இல்லை'யில்தான் டிக் போடும். ஆனால் ஆறு யாருக்கும் வேலை கொடுக்கப் போவதில்லையே!

"பொய்க் கையெழுத்து ஃபாரத்தை நான் அனுப்ப மாட்டேன்," என்றேன். "அண்ணே, நீங்க காடி மட்டும் ஓட்டுங்க. கரையில உக்காருங்க."

"சரி," என்றார் உடனே. என் அண்ணன் எதற்கும் உடனே சரி சொல்கிறவர் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

அந்த நாள் வந்தது. மலையில் மழை இல்லை. ஆற்றங்கரையில் அண்ணன் சிலுவாரைக் கழற்றினார். உள்ளே நீச்சல் கால்சட்டை. எனக்குக் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். பின்னால் அண்ணி. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஊசி குத்திச் சட்டைக்குள் விட்டிருந்தார்.

வழிகாட்டி ஒரு மலாய்க்காரர், ஒல்லியான ஆள். இவர்கள் அங்கேயே 'இல்லை' போட்டுக் கொடுத்த ஃபாரத்தை அவர் நம்பவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து மலாயில் சொன்னார்: "நடு ஆற்றில் ரோடு கிடையாது, ஆம்புலன்ஸ் வராது. ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் மற்றவர்கள் பாறை மேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒருவர் மறைத்தால் படகில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. இப்போது சொல்லுங்கள், யாருக்கு என்ன?"

எங்கள் குடும்பம் வானத்தைப் பார்த்தது.

அண்ணன் மட்டும் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சட்டைக்குள்ளிருந்து தாலியை வெளியே இழுத்திருந்தார். அதோடு சேர்த்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை குத்தியிருந்தது. உள்ளே அண்ணனுடைய மாத்திரை, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைப்பது. அண்ணி அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் கையைத் தூக்கினார்.

"சாயா அடா, பாங். ஜந்தோங்," என்று மலாயில் சொல்லி நெஞ்சைத் தட்டிக் காட்டினார், எனக்கு இருதயத்தில் உண்டு என்று. "ஸ்பிரிங்கு ரெண்டு."

அறுபது வயதில் ஒருவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக 'உண்டு' என்று சொன்னார். அந்தப் பெருமை ஒரு நிமிடம்தான். அண்ணனே சொல்லிவிட்டாரே என்று தங்கச்சி புருஷன் கையைத் தூக்கினான். இன்ஹேலர் எங்கே என்று கேட்டார் வழிகாட்டி. வீட்டில். தங்கச்சி தன் முதுகைத் தொட்டாள். மூன்று பேரும் கரையிலேயே இருங்கள் என்றார் வழிகாட்டி. அண்ணி, "அவரு போவல, நானும் போவல," என்று சட்டையைக் கழற்றினார்.

வழிகாட்டி என் பக்கம் திரும்பினார். "அக்கா?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"பரவாயில்லை லா, அதுக்குத்தான் சட்டை."

பினாங்கிலிருந்து வந்த சீன மாணவர்கள் ஐந்து பேர் பக்கத்துப் படகுக்குக் காத்திருந்தார்கள். அதில் ஓர் இடம் காலி. நான் மாட்டேன் என்றேன். அண்ணன் தான் கழற்றிய உயிர்காப்புச் சட்டையை எடுத்து எனக்கு மாட்டினார். வார்களை இறுக்கினார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார், சட்டை காதுவரை ஏறுகிறதா என்று. ஏறவில்லை.

"போ புள்ள," என்றார். ஆசையைவிட்டு நிற்கிற ஆளிடம் எப்படி மாட்டேன் என்பது? போனேன்.

கத்தினேன். என் தொழிற்சாலைக் கத்தல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. மூன்றாவது இறக்கத்தில் விழுந்தேன். மல்லாந்து, காலைத் தூக்கி, அம்மா அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டே மிதந்தேன். ஒரு மாணவி சட்டைத் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அப்புறம் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கரையில் அண்ணன் நின்றிருந்தார். "எப்படி?"

அண்ணி என்னைக் கிள்ளினார். 'ஒன்றுமில்லை, போர்' என்று சொல்லச் சொல்கிற கிள்ளல். உண்மை சொல்லி நின்றவரிடம் நான் மட்டும் எதற்குப் பொய் சொல்ல?

"நல்லா இருந்துச்சு அண்ணே. ரொம்ப ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவர் முகம் உர்ரென்று ஆனது. நாசி லெமாக் தின்றார். காடியைக் கிளப்பினார். பாடாங் செராய் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை. பின் சீட்டில் தங்கச்சியும் அவள் புருஷனும் தூங்கிவிட்டார்கள். அண்ணன் திடீரென்று சிக்னல் போட்டு, ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லு," என்றார். "ஒண்ணையும் விடாத."

சொன்னேன். முதல் பாறை வலது பக்கமா, இடது பக்கமா என்று கேட்டுக் கேட்டுக் கதையை அங்கேயே பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டார்.