சின்னான் கூடு கட்டியிருக்கிறது

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரை எல்லோரும் சின்னான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளோ வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் வந்த பெயர் என்று ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பூந்தொட்டிச் செடியில் ஓர் அட்டை தொங்கியது: 'சின்னான் கூடு கட்டியிருக்கிறது. தொந்தரவு செய்யாதீர்கள்.'

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம கூடு கட்டிட்டீங்க? மாடி இருந்தா வாடகைக்கு விடுங்க" என்றார் லிஃப்ட்காரர். வார்டு முழுக்கச் சிரிப்பு. சின்னானுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டை எழுதிய நர்ஸம்மாவிடம் போனார்.

"ஐயோ, உங்கள இல்லண்ணே. அந்தக் குருவிக்கே பேரு சின்னான்தான்."

கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக, இலைகளுக்குள்ளிருந்து ஒரு பறவை அவரை முறைத்தது.

"ஏன் அந்தப் பேரு?"

"சின்னதா இருக்கறதால இருக்கும்."

"சிட்டுக்குருவி இதவிடச் சின்னதாச்சே?"

நர்ஸம்மா யோசித்தார். "ஆமால்ல?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் போன் போட்டார்.

"கடைக்குட்டிங்கறதாலயா? யாருடா சொன்னா? பொறந்தப்போ உன் முடி கொண்டை மாதிரி நட்டுக்கிட்டு நிக்கும். அந்தக் குருவியப் பாத்துத்தான் அப்பா வெச்சாரு."

அண்ணனைக் கேட்டால் அவர் அடித்துச் சொன்னார்: "அவ கெடக்கா. என்னையப் பெரியான்னாரு, உன்னையச் சின்னான்னாரு. பெரியான்னு ஏதாவது குருவி இருக்காடா?"

இருவருமே அப்பாவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. சின்னான் தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் சாட்சி சொல்ல ஒரு முடி இல்லை.

ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்கு எட்டி, அந்தச் சண்டையில் அக்காவும் அண்ணனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "எம்பேருக்கு எதுக்கு நீங்க அடிச்சுக்கறீங்க?" என்று இவர் மாறி மாறிச் சமாதானம் பேசினார். யாரும் மசியவில்லை.

இதற்குள் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. செடியருகே வந்ததும் ஸ்ட்ரெச்சரை நிறுத்தி, படுத்திருப்பவர்களுக்குக் காட்டுவார். கால் உடைந்த டீச்சர் ஒருவர் கேட்டார்: "குருவி பேரு உங்களுக்கா, உங்க பேரு குருவிக்கா?"

"அதான் டீச்சர், எனக்கே ஒண்ணும் வெளங்கல."

குஞ்சுகள் பறந்துபோன பிறகு நர்ஸம்மா அட்டையை அவிழ்க்க வந்தார்.

"இருக்கட்டும்மா" என்றார் சின்னான்.

"கூடு காலிண்ணே. அட்டை எதுக்கு?"

அட்டையிலிருந்த தன் பெயரை ஒருதரம் படித்துவிட்டு அதை நேராக்கினார். இருக்கட்டும் என்றே மறுபடியும் சொன்னார்.