திரும்பி வந்த பாடை

எழுபதுகளில் நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் பெயரைச் சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்போமே, அந்த ரகம். சாவு வீட்டில் அவர் செய்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அவர்கள் சுடுகாட்டுக்குப் போக உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒரு வரப்புதான் வழி. உப்பளத்து முதலாளி அந்த வரப்பை வெட்டிப் பாத்தியாக்கப் பார்த்தார். அது பாதையே இல்லை, அதில் ஒரு பிணமும் போனதில்லை என்று கோர்ட்டில் சாதித்தார். தீர்ப்பு வரும்வரை வெட்டக்கூடாது என்று குப்பத்தின் சார்பில் தடை வாங்கியிருந்தோம். தோற்றால், குப்பத்துப் பிணங்கள் கழுவெளி என்ற சதுப்பு நிலத்துச் சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும்.

சாட்சி சொல்ல எத்தனை பேர் வந்தாலும், எல்லாம் ஒரே குப்பம் என்று எதிர்த்தரப்பு தள்ளியது. வெளிநாட்டுக் கோர்ட்டுகளில் படம் போட்டே காட்டுகிறார்களாம் என்றார் எங்கள் வக்கீல். குயிலாப்பாளையம் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கையடக்க சினிமா கேமராவை இரவல் வாங்கி வந்தார். பிறகு சாவுக்காகக் காத்திருந்தார். காலையில் வந்ததும், “ஏம்பா, குப்பத்துல ஏதாவது சேதி உண்டா?” என்பார்.

மாசியில் ஒரு பெரியவர் போனார். வழக்குப் போட்டவரே அவருடைய மகன்தான். மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னே நடக்க, பறைமேளத்தோடு பாடை வரப்பில் ஏறியது. வக்கீல் பாத்திக் கரையில் நின்று படம் பிடித்தார். பாதி தூரத்தில் கையை ஆட்டி நிறுத்தினார். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் முதலாளியின் இஞ்சின் கொட்டகை படத்தில் விழவில்லையாம். அது இல்லாவிட்டால் எந்த வரப்பு என்று தெரியாதாம்.

“திரும்பிப் போய் மொதல்லேர்ந்து வாங்கப்பா.”

மேளம் நின்றது. எடுத்த பாடையைத் திருப்புவது எங்கள் கடலோரத்தில் எந்தச் சாதியிலும் நடக்காத காரியம்.

“வேணாங்கய்யா,” என்றார் மகன்.

“உங்களுக்கு வழி வேணுமா, வேணாமா?”

மகன் குப்பத்தாரைப் பார்த்தார். பிறகு, சரி என்று தலையாட்டினார். தோளில் பிணத்தோடு ஆண்கள் திரும்பினார்கள். தெருமுனையில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துப் போட்ட கூச்சலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அமுக்கிய பட்டனை விட மறந்து, இந்த மனுஷன் அதையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

முன்சீப்பின் அறையில் ஜன்னல்களை அடைத்து, சுவரில் வேட்டியைக் கட்டி, வெட்டினால் சந்தேகப்படுவார்கள் என்று சுருளை முழுசாக ஓட்டினோம். பாடை போனது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“பெரியவர் செத்தது நெஜமா இருக்கலாம். ஆனா இந்தக் கரையில எவனாவது நெஜப் பொணத்தைத் திருப்பி எடுத்தாருவானா? வைக்கோலைக் கட்டி நாடகம் ஆடியிருக்காங்க.”

முன்சீப்பும் அந்தக் கடலோரத்துக்காரர். மகனைக் கூப்பிட்டு, பாடையில் இருந்தது யார் என்று கேட்டார்.

“எங்கப்பாங்க.”

“பெத்த அப்பனையா திருப்பி எடுத்துட்டு வந்தே?”

ஆமாம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. படத்தை ஏற்க முடியாது, வேறு அத்தாட்சி இருந்தால் அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவாருங்கள் என்று முன்சீப் எழுந்துவிட்டார்.

வெளியே வக்கீலுக்கு முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. கேமராப் பையைத் தட்டினார்.

“ஒண்ணும் கெட்டுப் போயிடல. அடுத்த தடவ ஒரே மூச்சுல எடுத்துடலாம். குப்பத்துல வேற யாராவது சீக்கா கெடக்கறாங்களா?”

அந்த முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது எனக்கு. மகன் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“எங்கம்மா இருக்காங்கய்யா. அன்னைக்குப் பாடை திரும்பி வந்ததப் பாத்து விழுந்தவங்க, இன்னும் எந்திரிக்கல.”

“முடிஞ்சதும் ஆள் அனுப்பு,” என்று சொல்லிவிட்டு வக்கீல் காரில் ஏறினார்.