எல்லை தாண்டிய மகனைத் திரும்பக் கூப்பிட்ட நாள்

போன மாங்காய் சீசனில், வேப்பனப்பள்ளி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தருகிறார்.

என் மகன் டெம்போ ஓட்டுகிறான். சீசனில் தோப்பிலிருந்து கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிப்பான். மருமகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும் ஷிப்ட் ஒத்துவராமல் நின்றுவிட்டாள். அப்புறம் கிருஷ்ணகிரி கோர்ட்டில் சட்ட உதவிக்கு ஆள் எடுத்து வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதில் சேர்ந்தாள். "வக்கீலும் இல்ல, போலீசும் இல்ல, அது என்னம்மா வேலை?" என்று கேட்டேன். "கேஸ்னு வந்து தெகச்சுப் போய் நிக்கறவங்களுக்கு அடுத்து என்ன பண்ணணும்னு சொல்ற வேலை மாமா. இத வெச்சு வக்கீல் ஆபீஸ்ல சேரலாம், கம்பெனியில சட்டப் பிரிவுல சேரலாம். முடிஞ்சா லா காலேஜே போகலாம்" என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

ஒருநாள் காலையில் மகனின் வண்டி, பால் கேனோடு மொபெட்டில் வந்த ஒருவர் மேல் மோதிவிட்டது. கூட்டம் கூடியதைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான். எங்கே ஓடினான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் ஓடுவார்கள். அந்தக் காலத்தில் சேவச்சண்டை நடக்கும்போது போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஆந்திராவில் போய் நிற்போம். இந்தப் பக்கத்துப் போலீஸ் கரையிலேயே நின்று திட்டிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தெலுங்கில் பதில் சொல்லுகிற குறும்புக்காரர்களும் உண்டு. என் தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் அந்தப் பக்கம்தான். மகன் அங்கே போய்ப் படுத்துக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைய சொந்தக்காரர்கள். என் மைத்துனர்தான் சத்தமாகப் பேசினார். "மச்சான், பையன் அங்கயே கெடக்கட்டும். ரெண்டு சீசன் போனா எல்லாம் ஆறிப்போயிடும்."

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "மாமா, ஆஸ்பத்திரியில விசாரிச்சுட்டேன். அடிபட்டவரு உயிரோட இருக்காரு, கால்தான் ஒடஞ்சிருக்கு. இது ஜாமீன் குடுக்கற கேஸ். ஓடிட்டே இருந்தாதான் பெருசாகும். வரச் சொல்லுங்க."

மைத்துனர் கையைத் தட்டிச் சிரித்தார். "பாரு மச்சான்! நாலு நாள் கிளாசுக்குப் போயிட்டு கட்டின புருஷனையே உள்ள தள்ளப் பாக்குது!"

நான் அவளைக் கேட்டேன், "நிச்சயமா வெளிய விட்டுடுவாங்களாம்மா?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "கிளாஸ்ல அப்படித்தான் மாமா சொன்னாங்க. எனக்கும் ஒதறலாத்தான் இருக்குது. ஆனா நான் சொன்னா அவரு வரமாட்டாரு, நீங்க சொன்னா வருவாரு."

அவள் நம்பர் போட்டுக் கொடுத்த போனைக் கையில் வாங்கினேன். தப்பாகிவிட்டால்? ஒரே பையன். "டேய், கெளம்பி வந்துடு" என்றேன். அந்தப் பக்கம் இருந்து, "நீயே கூப்புடறியாப்பா?" என்றான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

வந்தான். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி. உள்ளே ஒரு போலீஸ்காரர் மருமகளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். கோர்ட்டில் கொடுத்த அடையாள அட்டை பையில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. "சம்சாரம் சார்" என்றாள். ஏன் காட்டவில்லை என்று வெளியே வந்து கடிந்துகொண்டேன். "சொந்த விஷயத்துக்குக் காட்டக் கூடாது மாமா" என்றாள். வகுப்பு எடுத்த வக்கீலம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். உள்ளே யாராவது சத்தம் போட்டால், அடிக்கிறார்களோ என்று எழுந்து எழுந்து நின்றேன். அவள் என்னை உட்கார வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் கிடந்தது.

வக்கீலம்மா வந்து, நான் ஜாமீனுக்குக் கைநாட்டு வைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் மகனை அனுப்பினார்கள். அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல், குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் அவள் இன்னொன்றும் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய், அடிபட்டவர் சம்சாரத்திடம், இன்சூரன்சில் நஷ்டஈடு கேட்க கோர்ட்டில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றும், மோதியது தன் புருஷன் என்பதால் அங்கே தன்னைத் தவிர வேறு யாரையாவது பார்க்கும்படியும் சொல்லிவிட்டு வந்தாள். மைத்துனர் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தா அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. என்ன ஆகுமோ என்றுதான் இருக்கும். ஆனால் "உன் பையன் எங்கே?" என்று யாராவது கேட்டால், தலை குனியாமல், கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போயிருக்கிறான் என்று சொல்ல முடிகிறது. பயத்தோடு இருந்தாலும் இப்படி இருக்கலாம் என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.