சக்கரம் கொடுத்தவரின் பெயர்

ரெனாத்தோ இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகும் ரயிலில் இருந்தேன். அவருடைய மகள் சில்வியா அழைத்தாள். "அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார். நித்திரையிலைதான்," என்றாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தொலைபேசியை வைத்ததும் முதலில் வந்தது அழுகை அல்ல. இனி அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்து வெட்கப்பட்டபடியே கடைசி நிலையம் வரை இருந்தேன்.

அவர்கள் இருவரும் என்னுடன் கதைத்தது நோர்வேஜிய மொழியில்தான். ஆனால் நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய சைக்கிள் திருத்தும் கடை உங்களில் பலருக்குத் தெரியும். பத்திரிகை போடப் போகிறவர்களும் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளை அங்கேதான் கொண்டுபோவார்கள். பின் கரியரில் அரிசி மூட்டை கட்டிவந்த ஒருவரிடம், "இது சைக்கிளோ லொறியோ? லொறி எண்டால் காசு கூட," என்றார். இன்னொருவருக்கு, "உங்கடை ஆக்களுக்கு பிரேக் எதுக்கு? காலாலைதானே நிப்பாட்டுறியள். சப்பாத்துக்கடைக்குப் போங்கோ," என்றார். சண்டைக்காரர் போலத் தெரிவார். ஆனால் காற்றடித்ததற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை.

அவர் முன்பு யாராக இருந்தார் என்று முதலில் எனக்கும் தெரியாது. சங்கிலி மாற்றப் போன ஒருநாள், ஸ்பானர் தேடி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ரோஜா நிறச் சட்டை ஒன்று மடித்துக் கிடந்தது. இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் போட்டியில் வென்றவருக்குக் கொடுப்பது. "ஆரின்ரை சட்டை?" என்று கேட்டேன். "மெலிஞ்ச ஒருத்தன்ரை," என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வடக்கு இத்தாலியில் கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பந்தயம் ஓடத் தொடங்கியவர். தொழில்முறை அணியில் சேர்ந்தபின் முதல் சில வருடங்கள் அவர் 'கிரெகாரியோ'. அணித்தலைவருக்காகவே ஓடுகிறவர்களை அப்படிச் சொல்வார்களாம். தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவருவது, எதிர்க்காற்றில் முன்னே போய் மறைப்பது, தேவைப்பட்டால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பது, எல்லாம் அவர்கள் வேலை. பிறகு அவரே தலைவரானார். பல பந்தயங்களில் வென்றார். கடைசியில் ஒரு இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நோர்வேக்காரியான மனைவியுடன் ஒஸ்லோ வந்தார். "மலையிலை ஒருத்தனும் தனிய ஏறுறேல்லை. படத்திலை மட்டும்தான் தனிய நிப்பான்," என்பார்.

நமது தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுது. ஆனால் பியேரோவைப் பற்றியும் எழுதவேணும்," என்றார்.

பியேரோ அவருடைய கிரெகாரியோ. அந்தப் பெரிய போட்டி முடிவதற்கு முதல்நாள், பனி கொட்டும் ஒரு மலையில் ரெனாத்தோவின் பின் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. உதவி வாகனம் எங்கோ பின்னால் பனியில் சிக்கியிருந்தது. "நான் கேக்கேல்லை. அவன் இறங்கித் தன்ரை சில்லைக் கழட்டிப் பூட்டிவிட்டான். முதுகிலை கைவைச்சு ஒரு தள்ளு. நான் திரும்பிப் பாக்கவும் இல்லை." ரெனாத்தோ அன்று வென்றார். பியேரோ வாகனம் வரும்வரை பனியில் நின்றார். குறித்த நேரத்துக்குள் வந்து சேராதவர்களைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அவரையும் நீக்கினார்கள். அடுத்த வருடம் அணி அவரை எடுக்கவில்லை. பத்திரிகைகள் ரெனாத்தோ தனியாக மலையேறி வென்றதாக எழுதின.

"ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை," என்றார். "இப்ப ரெண்டுபேரும் கிழவர்கள். எந்தப் பாஷை எண்டாலும் பரவாயில்லை. அவன்ரை பேர் ஒருக்கா அச்சிலை வரவேணும்."

சங்கத்தில் இரண்டு பக்கம்தான் என்றார்கள். என் கட்டுரை நீண்டுவிட்டது. வெட்டுவதற்கு அதில் நிறைய இருந்தது. தொழிற்சாலை, திருமணம், விழுந்த கதை எல்லாம் இருந்தன. நான் வெட்டியது பியேரோவை. இடம் போதவில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. "பனிக்குள் ஒரு மனிதன் தனியாக ஏறிக்கொண்டிருந்தான்" என்ற வாக்கியத்துடன் கட்டுரையை முடித்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. பியேரோ வந்தால் அது நிற்காது.

மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெனாத்தோ கையை இரண்டுதரம் துடைத்துவிட்டு வாங்கினார். சிவப்புப் பென்சில் ஒன்றைக் காதிலிருந்து எடுத்தார். "பியேரோ எங்கை? காட்டு பாப்பம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் விரல் பக்கத்தில் இறங்கி ஒரு சொல்லைத் தொட்டது. 'கையுறை' என்ற சொல். அந்தக் குளிரில் ஒரு கையுறை மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது என்று எழுதியிருந்தேன். அவர் அதன் கீழே கவனமாகக் கோடிட்டார். "வடிவான பேர்," என்றார். அடுத்தநாள் அந்தப் பக்கத்தைப் பியேரோவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் அப்பா கட்டுரையை வாசித்தார். கதையை முதலே வீட்டில் சொல்லியிருந்தேன்.

"சில்லுக் குடுத்த மனிசன் எங்கை?"

"இடம் இல்லையப்பா."

"அந்த மனிசன்தானே கதை," என்றார். நாங்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதை அவர் நினைத்திருக்க வேண்டும். யார் யாருடைய தள்ளலில் வந்தோம் என்று அவருக்குத் தெரியும். ரெனாத்தோவுக்கு வேறொரு சொல்லைக் காட்டியதையும் அவரிடம் சொன்னேன். மலரை மூடி வைத்தார். பிறகு, "போய்ச் சொல்லு பிள்ளை," என்றார்.

போனேன். பல தடவை போனேன். ஒருமுறை கதவைத் திறக்கும்போதே, "எழுத்தாளர் வாறா, கதிரையைத் துடையுங்கோ," என்று கடையில் நின்றவர்களுக்குச் சொன்னார். காற்றடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். கடைச்சுவரில் ஒட்ட இன்னொரு பிரதி கேட்டார். கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுபோகவில்லை. சுவரில் இருந்தால் உங்களில் யாராவது வாசித்துக் காட்டிவிடுவீர்கள் என்ற பயம். இப்படியே இரண்டு வருடம் போனது.

இறுதிச் சடங்கு முடிந்தபின் சில்வியா என்னைக் கடைக்கு அழைத்துப்போனாள். இழுப்பறையில் ரோஜா நிறச் சட்டைக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. பியேரோ எழுதியது. சில்வியா மொழிபெயர்த்து வாசித்தாள். பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாராம். ஊர்ப் பாதிரியாரிடம் கேட்டாராம், அவருக்கும் அந்த மொழி தெரியவில்லையாம். பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க மேசைமுன் அமர்ந்து தன் பெயரை எழுதிப் பழகினாராம்.

கடிதத்தின் அடியில் கையெழுத்து இருந்தது. நடுங்கிய கோடுகளில், தமிழில், கையுறை.

"இது அவரின்ரை பேர்தானே?" என்று சில்வியா கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

இரண்டாவது தடவையும் பொய் சொன்னேன். அன்றிரவு அந்தக் கோடுகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு கிழவர் எத்தனை தாள் எழுதிப் பழகியிருப்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை சில்வியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. எழும்பி யன்னலடியில் நின்றாள். "அப்பா சந்தோசமாப் போனவர்," என்றாள். "அதுதான் எனக்குக் கோபம்." கொஞ்சம் பொறுத்துப் பியேரோவின் முகவரியை எழுதித் தந்தாள். "நான் சொல்லமாட்டன். நீயே எழுது. அவருக்கு நேரம் கனக்க இல்லை." நான் புறப்படும்போது அந்தச் சிவப்புப் பென்சிலையும் என் கையில் வைத்தாள்.

ரெனாத்தோவை அறிந்தவர்களே, அவரைப் பற்றி நான் முன்பு எழுதியது அரைவாசிப் பொய். அவர் கேட்ட ஒன்றை நான் செய்யவில்லை. செய்ததாகக் காட்டினேன். அவர் அதை நம்பி இறந்தார். அதை மாற்ற எனக்கு வழியில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது பாதி தேய்ந்த இந்தப் பென்சில்தான். இந்த மலர் அச்சாகி வந்ததும் பக்கத்தைக் கிழித்து இத்தாலிக்கு அனுப்பப் போகிறேன். உடன் ஒரு கடிதம் போகும். சமையலறையில் மாட்டியிருக்கும் சொல் அவருடைய பெயரல்ல என்று அதில் எழுதியிருப்பேன். அதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. அவர் எழுதிப் பழக வசதியாக, பெயரைப் பெரிதாக அச்சிடச் சொல்லி, கீழே தனியே ஒரு வரி விட்டிருக்கிறேன். கோடு நான் போட்டுக்கொள்வேன்.

பியேரோ